திட்டத்துக்குத் தனிக்குடித்தனம்

விக்கிப்பீடியா போன்ற, யாரும் தொகுக்கக்கூடிய விக்கித் தளங்களின் சமூகங்களில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போயிருக்கும்: "இதுக்குன்னு தனியா ஒரு திட்டம் ஆரம்பிச்சா என்ன?" கேட்பவர் பெரும்பாலும் நல்ல உழைப்பாளி. தான் சேர்த்ததை மற்றவர்கள் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்ற மனத்தாங்கல் பின்னால் இருக்கும். நிர்வாகியாக இருந்த ஆண்டுகளில் இப்படிப்பட்ட உரையாடல்களில் நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறேன். கட்டுரைகள் குவிந்துவிட்டன என்பதற்காகவோ, இரண்டு பேருக்கு ஒத்துவரவில்லை என்பதற்காகவோ பிரிக்கக் கூடாது, விதிகள் ஒத்துவராதபோதுதான் பிரிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒருமுறை, பழைய நூல் ஒன்றின் பகுதியை ஒருவர் கலைக்களஞ்சியக் கட்டுரைக்குள் அப்படியே தட்டச்சு செய்து போட்டார். இன்னொருவர் வந்து சந்திப் பிழைகளைத் திருத்தி, அரைப் பக்கம் நீண்ட வாக்கியங்களை உடைத்து, படிக்கச் சுலபமாக்கினார். முதலாமவர் எல்லாவற்றையும் மீளமைத்தார். அடுத்தவர் மறுபடி திருத்தினார். பேச்சுப் பக்கம் சூடாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. கலைக்களஞ்சியத்தில் எந்த வரியையும் யாரும் மேம்படுத்தலாம். மூலநூலில் அச்சுப்பிழையைக்கூடத் தொடக் கூடாது. எவ்வளவு பேசினாலும் இந்த இரண்டு விதிகளும் ஒரே பக்கத்தில் குடித்தனம் நடத்த முடியாது. மூலநூலுக்குத் தேவையான கருவியும் வேறு. ஸ்கேன் செய்த பக்கம் ஒருபுறம், தட்டச்சு செய்த எழுத்து மறுபுறம். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சளாகும், இரண்டாமவர் சரிபார்த்த பிறகுதான் பச்சையாகும். 2003இல், மூலநூல்களுக்கான விக்கிமூலம் தனித் திட்டமானதில் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிய அகராதித் திட்டமான விக்சனரியும் அப்படித்தான். 'ஆறு' என்றால் அங்கே நதியும் எண்ணும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும், கலைக்களஞ்சியத்திலோ இரண்டுக்கும் தனித்தனிக் கட்டுரை.

ஒரே வேலையை எல்லா மொழிகளும் திரும்பத் திரும்பச் செய்வதும் பிரிக்க நல்ல காரணம். முன்பெல்லாம் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் மற்ற மொழிக் கட்டுரைகளுக்கான இணைப்புகள் வரிசையாக இருக்கும். ஏதோ ஒரு மொழியில் தலைப்பு மாறினால், தானியங்கி நிரல்கள் எல்லா மொழிகளிலும் போய் அந்த வரியை மாற்றும். புதிய திருத்தங்களைப் பட்டியலிடும் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் திறந்தால் மனிதர் செய்த தொகுப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். 2012 அக்டோபரில், எல்லா மொழிகளுக்கும் பொதுவான தரவுத் திட்டமான விக்கித்தரவு வந்தது. அடுத்த ஆண்டு அந்த இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. படங்களை ஒரே இடத்தில் வைத்து எல்லா மொழிகளும் பயன்படுத்த விக்கிமீடியா பொதுவகம் 2004லேயே வந்துவிட்டது.

விதி கொஞ்சம் வேறுபட்டால் உடனே பிரிக்க வேண்டும் என்றும் இல்லை. பாடநூல்கள் எழுதும் திட்டமான ஆங்கில விக்கிநூல்களில் சமையல் குறிப்புகளுக்குத் தனிப் பெயர்வெளி (தளத்துக்குள்ளேயே ஒரு தனிப் பிரிவு) இருக்கிறது, அதற்கென்று தனி நடைமுறைகளும் உண்டு. ஆனால் வீடு ஒன்றுதான். நான் முதலில் சொல்லும் வழியும் இதுவே. ஆசைப்பட்டு வந்தவருக்கு இது பிடிக்காது, தெரியும்.

கோபத்தில் பிரிவது வேறு கதை. 2002இல், விளம்பரம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் ஸ்பானிய விக்கிப்பீடியர்கள் பலர் வெளியேறி வேறொரு கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். அச்சத்தில் தவறில்லை. ஆனால் கட்டுரைகளைப் படியெடுக்கலாம், எழுதுகிற ஆட்களைப் படியெடுக்க முடியாதே! ஒரே வேலைக்கு இரண்டு இடங்கள் ஆயின. விக்கிப்பீடியாவில் விளம்பரமும் வரவில்லை, அதன் ஸ்பானியப் பதிப்பு பிற்பாடு பிரிந்துபோன கலைக்களஞ்சியத்தைத் தாண்டிப் போய்விட்டது.

அப்புறம், ஆள். செய்தித் திட்டம் என்றால் தினமும் யாராவது எழுத வேண்டும். நேற்றைய செய்தியை நாளைக்குச் செம்மைப்படுத்தி என்ன பயன்? ஆளில்லாத விக்கியில் விளம்பரக் குப்பைதான் முதலில் குடியேறும், அதைத் துடைக்கத் தாய்த் திட்டத்திலிருந்துதான் ஆள் போக வேண்டியிருக்கும். புதிய மொழிப் பதிப்புகளை முதலில் இன்குபேட்டர் என்ற சோதனைத் தளத்தில் வைத்து, பல பேர் தொடர்ந்து எழுதுகிறார்களா என்று மாதக்கணக்கில் பார்ப்பது இதனால்தான்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் ஆட்களோடு வந்தால், முதலில் ஒரு விதிப் பக்கம் எழுதித் தரச் சொல்வேன்: இங்கே எது வரலாம், எது வரக் கூடாது, ஏன். அதில் இருப்பது பெரும்பாலும் நம் பழைய விதிகளாகவே இருந்தால், பேச்சை மெல்ல வலைவாசல் (ஒரு துறைக் கட்டுரைகளை விக்கிப்பீடியாவுக்குள்ளேயே திரட்டிக் காட்டும் பக்கம்) பக்கம் திருப்பிவிடுவேன்.