ஃபில்டர் தூளில் கோல்டு ப்ரூ ஏன் சரியாக வராது

கோல்டு ப்ரூ என்பது காபித் தூளைச் சூடு காட்டாமல் பச்சைத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் காபி. ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, வீட்டில் இருக்கும் காபித் தூளை ஒரு சிட்டிகை மேலே தூவிப் பாருங்கள். காபி மிதக்கும். அதில் கலந்திருக்கும் சிக்கரி (வறுத்து அரைத்த ஒரு செடியின் வேர்) உடனே இறங்கும், இறங்கும் வழியெல்லாம் நூல் நூலாகப் பழுப்புச் சாயம் விடும். கோல்டு ப்ரூ ஜாடிக்குள் நடப்பதும் இதுதான். சிக்கரி பச்சைத் தண்ணீரிலேயே மளமளவென்று கரையும். காபி நிதானமாகத்தான் சாறு விடும். கலப்புத் தூளில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம் என்பது சட்டம். அதை ராத்திரி முழுக்க ஊறவைத்தால் நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் வாயில் வைத்தால் கருகின வெல்ல ருசிதான் முன்னால் நிற்கும். நுரை பொங்க ஆற்றும் டபரா காபிக்கு சிக்கரி அருமையான சங்கதி. இதற்கு வேண்டாம்.

வறுத்து அரைக்கும் கடையில் சிக்கரி இல்லாமல் கொட்டையாகவே கேளுங்கள். பிளாண்டேஷன் ஏ (அராபிகா காபிக்கொட்டையின் ஒரு தரம்) அல்லது பீபெரி (உருண்டையான ஒற்றைக் கொட்டை), நடுத்தர வறுவல். பால் சேர்த்துக் குடிப்பவர்கள் ஐந்தில் ஒரு பங்கு ரோபஸ்டா (கசப்பு தூக்கலான காபி வகை) கலக்கலாம். தனி ரோபஸ்டா முரடாக இருக்கும்.

பாதி வெற்றி அரைப்பதில் இருக்கிறது. பதம் கோதுமை ரவை மாதிரி இருக்க வேண்டும். கடையிலும் அப்படியே சொல்லிக் கேட்கலாம். மிக்ஸி என்றால் சின்ன ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இரண்டு விநாடிக்கு மேல் ஓடவிடாமல் விட்டு விட்டு அடியுங்கள். எப்படி அடித்தாலும் நைஸ் தூள் கொஞ்சம் விழும். மாவு சல்லடையில் சலித்து அதை எடுத்துவிட்டு, மறுநாள் ஃபில்டரில் போட்டுக்கொள்ளுங்கள். சலிக்காமல் விட்டால் அந்த நைஸ் தூள்தான் துவர்ப்பையும் டம்ளர் அடியில் சேற்றையும் கொண்டுவரும்.

அளவு: 100 கிராம் காபிக்கு 700 மில்லி தண்ணீர். எடை பார்த்தே போடுங்கள். ரவைப் பதத்துக்கும் நைஸ் தூளுக்கும் கரண்டிக் கணக்கு மாறிவிடும். முதலில் பாதித் தண்ணீரை ஊற்றி, உலர்ந்த கட்டி எதுவும் இல்லாதபடி கிளறி, பத்து நிமிஷம் கழித்து மீதியை ஊற்றுங்கள். புதிதாக வறுத்த காபி வாயு விட்டு மேலே கெட்டியாக ஏடு கட்டும். அதை ஒருமுறை அமுக்கிக் கிளறாவிட்டால் மேல் தூள் நனையாமல் நின்று, காபி நீர்த்துப்போகும்.

சென்னை மே மாதத்தில் ஜாடியை அடுப்படி மேடையில் விடாதீர்கள். சூடே காட்டாத பானம் இது, 35 டிகிரியில் சீக்கிரம் கெடும். ஃபிரிட்ஜில் 16 முதல் 20 மணி நேரம் வையுங்கள். ஏற்காடு, கொடைக்கானல் குளிரில் வெளியிலேயே 12 மணி நேரம் போதும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். பக்கத்தில் இட்லி மாவு இருந்தால் காபி அந்தப் புளிப்பு வாடையை இழுத்துக்கொள்ளும்.

வடிகட்ட முதலில் டீ வடிகட்டி, அப்புறம் மெல்லிய வேட்டித் துணி இரண்டு மடிப்பு. புதுத்துணியில் கஞ்சி இருக்கும், ஒருமுறை கொதிக்கவைத்து அலசிவிடுங்கள். சோப்பு வேண்டாம். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டுத் துணியைப் பிழிபவர்கள் அதுவரை பட்ட பாட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள்: பிழிந்தால் வருவது நைஸ் தூளும் கசப்பும்தான். தானாக வடியட்டும். சக்கை ஏறத்தாழ 200 மில்லியைக் குடித்துவிடும். அரை லிட்டர் கெட்டிச் சாறு கிடைக்கும்.

அதை 100 மில்லிக்கு 100 மில்லி தண்ணீரோ பாலோ சேர்த்துக் குடிக்கலாம். ஐஸ் போடுவதானால் தண்ணீரைக் குறையுங்கள். பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஆடையை வடிகட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த காபியில் திரிதிரியாக மிதக்கும். சர்க்கரை குளிரில் லேசில் கரையாது. சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துக் கரையும்வரை மட்டும் சூடாக்கிய பாகு வைத்துக்கொள்ளுங்கள், கம்பிப் பதம் வேண்டாம்.

கோல்டு ப்ரூவில் அமிலமே இல்லை, நெஞ்செரிச்சல்காரர்களுக்கு நல்லது என்கிற பேச்சை நம்ப வேண்டாம். நாக்குக்குப் புளிப்பு குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். சூடான காபியானாலும் இதுவானாலும் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், 7-க்குக் கீழே போனால் அமிலம்) 5-ஐ ஒட்டியே இருக்கிறது.

வெந்நீரில் அலசிய பாட்டிலில் ஊற்றினால் சாறு ஃபிரிட்ஜில் ஐந்து நாள் நன்றாக இருக்கும். பால் கலந்ததை அன்றைக்கே குடித்துவிடுங்கள்.