குறைமாதக் குழந்தைக்குப் பால் புகட்டுதல்

உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் திறன் ஏறக்குறைய கர்ப்பத்தின் 34ஆவது வாரத்தில்தான் கைகூடும் என்பதால், அதற்கு முன்பே பிறக்கும் குழந்தைக்கு இரைப்பை வரை செல்லும் மெல்லிய குழாயில் மிகச் சிறிதளவு பால் முதலில் புகட்டப்படுகிறது. எஞ்சிய ஊட்டம் ரத்தநாளம் வழியே ஏறுகிறது. என் தங்கை மகனுக்குப் புகட்டிய அளவைப் பார்த்து, "இது எப்படிம்மா போதும்?" என்று அம்மா கலங்கினார். (எங்கள் வீட்டில் குழந்தை கொழுகொழுவென்று இருந்தால்தான் நிம்மதி.) ஆனால் முதிராத குடல் எளிதில் அழற்சியுற்று, திசுக்கள் அழியும் நிலைக்கும் செல்லக்கூடும் என்பதாலேயே அளவை மெல்லக் கூட்டுகிறார்கள். தாய்ப்பால் அந்த ஆபத்தைக் குறைக்கிறது. தாய்க்குப் போதிய பால் சுரக்காதபோது உதவ, சிங்கப்பூரின் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் 2017 முதல் தாய்ப்பால் வங்கி இயங்குகிறது. தானமாகப் பெறும் பாலை இத்தகைய வங்கிகள் வழக்கமாக 62.5 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குகின்றன. அதில் எதிர்ப்பாற்றல் கூறுகள் ஓரளவு குறைவதால், தாயின் சொந்தப் பாலுக்கே முதலிடம். ஆனால் தாயின் பாலும்கூட மிகச் சிறிய குழந்தைக்குப் புரதம், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றில் போதாது. எனவே அச்சத்துகளைக் கூட்டும் 'செறிவூட்டி' என்ற சேர்ப்புப் பொருளைப் பாலில் கலந்தே கொடுக்கிறார்கள்.