கொட்டும் பனியில் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பித்த அனுபவம்

ஜே-1 என்னும் பரிமாற்றத் திட்ட விசாவில் வாஷிங்டனுக்கு வரும் மாணவப் பயிற்சியாளர், அமெரிக்காவில் வேலை செய்வோருக்கு அரசு தரும் எஸ்.எஸ்.என். எனப்படும் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிப்பது அரை நாளில் முடிய வேண்டிய வேலை. எனக்கு அது பத்து நாள் இழுத்தது. 2016 ஜனவரியின் பெரும்பனி அந்தப் பத்து நாள்களுக்குள்தான் கொட்டியது என்றாலும், என்னை முதலில் அலையவைத்தது பனி அல்ல, ஒரு கையெழுத்து.

அறை பிடித்தது, பயிற்சி நிறுவனத்தில் பெயர் பதிந்தது எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. குடியேற்றப் பதிவுகள் கணினியில் ஏறுவதற்காக வந்த நாளிலிருந்து பத்து நாள் பொறுக்கச் சொல்வார்கள், பொறுத்தேன். 18ஆம் தேதி திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை. மறுநாள் காலை பாஸ்போர்ட், ஜே-1 தகுதிச் சான்றான டிஎஸ்-2019, நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94 அச்சுப்படி, வேலை செய்ய அனுமதித்து ஸ்பான்சர் (என் ஜே-1 திட்டத்தை நடத்தும் அமைப்பு) தந்த கடிதம் ஆகியவற்றோடு சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். அந்தக் கடிதம் மின்னஞ்சலில் வந்ததை அச்செடுத்த நகல். அதுவே போதும் என்று பயிற்சி நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். கவுண்டரில் இருந்த அம்மையார் தாளைத் திருப்பி, கையெழுத்து இருந்த இடத்தின் பின்புறத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பேனா அழுந்திய தடம் இல்லை. ஸ்பான்சரின் முகப்புத்தாளில், பேனாவால் போட்ட மூலக் கையெழுத்து வேண்டும் என்றார். விதி அதுதான், அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. விதியைப் பாராமல் வாய்வார்த்தையாக உறுதி தந்தவர்கள் மீதுதான் இன்றும் ஆறவில்லை.

என் ஸ்பான்சர் வேறு மாநிலத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகம். மூலக் கடிதத்தை 20ஆம் தேதி அஞ்சலில் சேர்த்துவிட்டதாக எழுதினார்கள். அன்று மாலை ஏறத்தாழ ஓர் அங்குலப் பனிதான் விழுந்தது. ஆனால் உப்புத் தூவாத சாலைகள் உறைந்து கண்ணாடியாகிவிட்டதால் நகரமே நின்றுபோனது. அதிபர் ஒபாமாவின் வாகன அணிவகுப்பும் அதில் சிக்கியது. அந்த இரவில் பேருந்துக்குள் உட்கார்ந்திருந்தபோதே, கடிதம் குறித்த நாளில் வராது என்ற கவலை எனக்குத் தொடங்கிவிட்டது.

22ஆம் தேதி வெள்ளிக்கிழமை நண்பகலோடு மத்திய அரசு அலுவலகங்கள் மூடப்பட்டன. மாலை 5 மணிக்குப் பேருந்துகளும் இரவு 11 மணிக்கு மெட்ரோ ரயில்களும் நின்றன. பிற்பகலில் தொடங்கிய பனி சனிக்கிழமை இரவு வரை ஓயவில்லை. ரீகன் விமான நிலையத்தில் 17.8 அங்குலமும் நகருக்கு வெளியே உள்ள டலஸ் (Dulles) விமான நிலையத்தில் 29.3 அங்குலமும் பதிவாயின. என் அறை நிலவறையில் இருந்ததால் சன்னல் முழுவதும் மூடி, பகல் வெளிச்சம் சாம்பல் நீலமாக மாறிவிட்டது. ரொட்டியும் பாலும் வியாழக்கிழமையே கடைகளில் தீர்ந்திருந்தன. கையிருந்த அரிசியும் பருப்பும் என்னைக் காப்பாற்றின. ஞாயிறு முழுவதும் வீட்டுக்கார மூதாட்டிக்காக நடைபாதையை வாரிக் கொடுத்தேன். பனி நின்றபின் பகல்வெளிச்சமுள்ள முதல் எட்டு மணி நேரத்துக்குள் அதைச் செய்யவேண்டியது வீட்டு உரிமையாளரின் கடமை.

எண் வரும்வரை உதவித்தொகை கிடைக்காது என்று நிறுவனத்தில் சொல்லியிருந்ததுதான் அந்த நாள்களில் என்னை உறங்கவிடாத கவலை. அதுவும் தவறான தகவல். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே வேலை செய்யலாம், ஊதியமும் பெறலாம். விண்ணப்பித்ததற்கான ரசீதைக் காட்டினால் போதும் என்பதை முதல் நாளிலேயே உங்கள் நிறுவனத்திடம் எடுத்துச் சொல்லுங்கள்.

திங்களும் செவ்வாயும் அரசு அலுவலகங்கள் திறக்கவில்லை. செவ்வாய் மாலை கடிதம் வந்து சேர்ந்தது. புதன்கிழமை மூன்று மணி நேரத் தாமதத்துடன் திறப்பார்கள் என்ற அறிவிப்பைக் கண்டு, வழக்கமான 9 மணிக்குப் பதில் 12 மணி என்று கணக்கிட்டுப் புறப்பட்டேன். தெருமுனைகளில் பனிவண்டிகள் தள்ளிவிட்ட குவியல்கள் இடுப்பளவு நின்றன. அவற்றின் அடியில் தேங்கிய உருகுநீரில் காலை வைத்ததும் பூட்ஸின் மேல்விளிம்பு வழியாக நீர் உள்ளே இறங்கியது. பாதுகாவலர் கதவில் ஒட்டியிருந்த நேரப்பட்டியலைக் காட்டினார். அப்போதைய வழக்கப்படி புதன்கிழமைகளில் பொதுமக்களுக்கு நண்பகல் வரை மட்டுமே அனுமதி. தாமதமாகத் திறக்கும் நேரமும் முன்கூட்டியே மூடும் நேரமும் ஒன்றாகிவிட்டன. பனிக்காலத்தில் மூடலா, தாமதமா என்ற அறிவிப்பை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். அந்தக் கிழமைக்குரிய நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். மாற்றுக் காலுறை ஒன்றையும் பையில் வையுங்கள். ஈரக் காலோடு இரண்டு மைல் திரும்பி நடந்தவன் சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலை கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனேன். அதே அம்மையார்தான் இருந்தார். தாளைத் திருப்பி மறுபடியும் கட்டைவிரலால் தடவினார். நீல மையின் தடம் பின்புறம் மேடிட்டிருந்தது. ஒன்றும் பேசாமல் தட்டச்சு செய்யத் தொடங்கினார். பதினைந்து நிமிடத்தில் ரசீது என் கையில் இருந்தது. கடிதம் வந்த உறையிலேயே அதைப் போட்டு, அங்கிருந்து நேராக நிறுவனத்தின் ஊதியப் பிரிவுக்கு நடந்தேன்.