யாருடைய கூரையின் கீழ்?

குழந்தைகள் வேலை செய்வதைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலோர் முதலில் கேட்பது வயதைத்தான். பதினான்கா, பதினைந்தா, பதினெட்டா என்ற கணக்கிலேயே விவாதம் முடிந்தும்விடும். பழைய தொழிற்சாலைச் சட்டங்களையும் அவற்றுக்கு முந்தைய வழக்கங்களையும் சில காலமாகப் படித்துவரும் எனக்கு, வயதுக்கு முன்னால் இன்னொரு கேள்வி எப்போதும் நின்றிருப்பதாகத் தோன்றுகிறது. அந்தப் பிள்ளை யாருடைய கூரையின் கீழ் வேலை செய்கிறது என்பதே அது. வேலை எவ்வளவு கடினமானது, எத்தனை மணி நேரம் நீள்கிறது என்பவையெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

1500-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்துக்கு வந்த வெனிஸ் குடியரசின் தூதுக்குழுவைச் சேர்ந்த ஒருவர் எழுதிய அறிக்கை வரலாற்று மாணவர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று. ஆங்கிலேயர்களுக்குத் தம் பிள்ளைகள்மீது பாசமே இல்லை என்று அவர் அதில் அங்கலாய்க்கிறார். ஏழு வயது, மிஞ்சிப்போனால் ஒன்பது வயதுவரை வீட்டில் வைத்திருந்துவிட்டு, ஆண் பெண் வேறுபாடின்றிப் பிறர் வீட்டு ஊழியத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே மேலும் ஏழோ ஒன்பதோ ஆண்டுகள் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும். பணக்காரர்களும் இதையே செய்துவிட்டு, அந்நியர் பிள்ளைகளைத் தம் வீட்டில் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஏன் இப்படி என்று விசாரித்தபோது, பிள்ளைகள் நல்ல பழக்கம் கற்பதற்காக என்று பதில் வந்ததாம். அவர் அதை நம்பவில்லை. சொந்தப் பிள்ளையைவிட அந்நியப் பிள்ளையிடம் வேலை வாங்குவது எளிது என்பதே உண்மையான காரணம் என்று எழுதிவைத்தார். அவர் நம்பாவிட்டாலும், பதின்பருவத்தைப் பிறர் பண்ணையில் ஆண்டு ஒப்பந்தத்தில் தங்கி உழைத்துக் கழிப்பதும், அந்தக் கூலியைச் சேர்த்துப் பிறகு திருமணம் செய்துகொள்வதும் 18-ஆம் நூற்றாண்டுவரை ஆங்கிலேயக் கிராமங்களில் சாதாரண நடைமுறையாகவே இருந்தன. அவர்களைப் பொறுத்தவரை இளமை என்பதே அந்நியர் கூரையின் கீழ் கழியும் காலம்.

நம் மரபு இதற்கு நேர்மாறானது. குறிஞ்சித் திணைப் பாடல்களில் தலைவி பரண்மீது ஏறி, கிளி விரட்டும் கருவிகளான தட்டையும் தழலும் கவணும் கொண்டு தினைப்புனத்தில் கிளி ஓட்டுகிறாள். இன்றைய அளவுகோலில் அது பயிர்க் காவல், அதாவது வேளாண் வேலை. காவல் காக்கப்படுவது தமையன்மாரும் தந்தையும் விதைத்த புனம் என்பதால், பாடியவர்களும் கேட்டவர்களும் அதைக் காதல் பிறக்கும் களமாக மட்டுமே பார்த்தார்கள். பிறகு இற்செறிப்பு வருகிறது. அவள் வீட்டுக்குள் நிறுத்தப்படுகிறாள். அவளுடைய பருவத்துக்கு எல்லை வகுத்தது வயதல்ல, வீட்டு வாசல். இது சொந்த நிலம் உள்ளவர்களின் கதை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிற்காலத் தஞ்சை வயல்களில் பண்ணையாள் குடும்பத்துச் சிறுவர்கள் மேய்த்தவை பண்ணையாரின் மாடுகள். அவர்களைப் பற்றி அகப்பாடல் எழுத யாரும் முன்வந்ததாகத் தெரியவில்லை.

சொந்த வீட்டு வேலையில் யாரும் வயதைக் கேட்பதில்லை. அந்நிய நிறுவனத்துக்குள் நுழையும்போதுதான் வயது ஓர் எண்ணாக வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பட்டாலைகள் நீங்கலான நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கத் தடை விதித்து, ஒன்பதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் இருப்பவர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று வரம்பிட்டபோது, எல்லோருடைய வயதையும் மெய்ப்பிக்கும் அரசு ஆவணம் அந்த நாட்டில் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடிமைப் பிறப்புப் பதிவு 1837-இல்தான் தொடங்கியது. எனவே ஒன்பது வயதுக்குரிய உடல் வலிமையும் தோற்றமும் இருப்பதாக ஒரு மருத்துவர் சான்றளித்தால் போதும் என்றார்கள். உயரத்தை அளந்து பார்த்தார்கள். எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், உயரம் ஏமாற்றும், பல் ஏமாற்றாது என்று வாதிட்டு, பிள்ளைகளின் வாயைத் திறந்து பற்களை எண்ணி வயதைக் கணிக்கும் முறையை 1837-இல் முன்வைத்தார். இதைப் படித்தபோது நம் ஊர்த் தொடக்கப் பள்ளிகளில் வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொன்ன தலைமையாசிரியர்கள் நினைவுக்கு வந்தார்கள். அப்படித் தொட்டுவிட்டவர்களுக்கு அவர்கள் எழுதிக்கொடுத்த பிறந்த தேதிதான் என் பெற்றோர் தலைமுறையில் பலருக்கு ஓய்வு பெறும் நாள்வரை கூடவே வந்தது.

1833-இன் சட்டம் ஆலையின் கதவுக்கு வெளியே எட்டிப் பார்க்கவில்லை. பெட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் தொப்பிக்கான வைக்கோலைப் பின்னும் வேலையைச் சிறு பிள்ளைகள் வீடுகளிலும், பள்ளி என்ற பெயரில் நடந்த நெரிசலான அறைகளிலும் செய்துகொண்டிருந்தார்கள். அத்தகைய சிறு பட்டறைகளைச் சட்டம் தொடுவதற்கு 1867 ஆகிவிட்டது.

இந்தியாவுக்கு இத்தகைய தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. பம்பாய் ஆலைகளின் மலிவான கூலியோடு போட்டியிட நேர்ந்த இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் அழுத்தமும் அதற்கு ஒரு காரணம். இரக்கம் மட்டுமே கப்பலேறி வந்துவிடவில்லை. பிரிட்டனில் 1878-இலேயே குறைந்தபட்ச வயது பத்தாகியிருக்க, இங்கே ஏழு என்று வைத்தார்கள். ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளை ஒன்பது மணி நேரம் வேலை செய்யலாம். அதுவும் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும், இயந்திர விசையுள்ள ஆலைகளுக்கு மட்டும். சிறு பட்டறையும், வயலும், வீட்டுத் திண்ணையும் கணக்கில் வரவேயில்லை.

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் இந்தக் கூரைக் கணக்கு வேறு விதமாகக் குழம்பியது. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி சேர்த்தது பெரும்பாலும் குடும்பம் குடும்பமாக. அவர்கள் குடியிருந்த லயம் என்ற வரிசைக் குடியிருப்பு தோட்டத்துக்குச் சொந்தம். வீடு எங்கே முடிகிறது, வேலைத்தலம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க இயலாத அந்த இடத்தில், 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூவகைக் கூலிக்கு வழி வகுத்தது. சிறுவர் உழைப்பை ஒழிக்க வேண்டிய தீமையாகக் கருதாமல், விலை குறிக்கப்பட வேண்டிய ஒரு வகை உழைப்பாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொண்டது.

எனக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம். மழை பொய்க்கும் கரிசல் பூமியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதற்கும், அதில் பிள்ளைகள் இறங்கியதற்கும் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1970-களிலும் 80-களிலும் விடிவதற்கு முன்பே ஆலைப் பேருந்துகள் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றதைப் பத்திரிகைகள் எழுதின, நாடு அதிர்ந்தது. ஆலையில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கும் பிள்ளையைப் படம் பிடித்தவர்கள் ஏராளம். அதே தெருவில், அதே தொழிலுக்காக, வீட்டுத் திண்ணையில் பசைக் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு அம்மாவோடும் அக்காவோடும் பெட்டி ஒட்டிய பிள்ளையை யாரும் அவ்வளவாகப் படம் பிடிக்கவில்லை. அந்த வட்டாரத்தில் வளர்ந்த எங்களுக்கும் அது வேலையாகத் தோன்றியதில்லை. குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, இவ்வளவு என்று கூலி எண்ணி வாங்கிய போதிலும் தோன்றியதில்லை.

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் எங்களைப் போலவே பார்த்தது. தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று சொன்ன அதே பிரிவு, ஒருவர் தம் குடும்பத்தாரின் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு அந்தத் தடை பொருந்தாது என்றும் சொன்னது. வெடிமருந்து கூரையைப் பார்த்து வெடிப்பதில்லை என்பதை அதை எழுதியவர்கள் அறியாமல் இருந்திருக்க முடியாது. 1996-இல் சிவகாசி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி செலுத்த வேண்டும் என்றது. அதுவும் முதலாளி என்று ஒருவர் இருக்கும் இடத்துக்குத்தான். 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எல்லாத் தொழில்களையும் தடை செய்ததோடு, அபாயமான தொழில்களைக் குடும்ப விலக்கிலிருந்து நீக்கியது. இது உண்மையான முன்னேற்றம். ஆனாலும் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்ற வாசல் திறந்தே இருக்கிறது. குடும்பம் என்பதில் தாய், தந்தை, உடன்பிறந்தோரோடு அத்தை, மாமா, சித்தப்பா, சித்தி வரை சட்டமே சேர்த்துக்கொள்கிறது. நம் ஊரில் இத்தனை உறவும் சேர்ந்தால் ஒரு நடுத்தரத் தொழிற்கூடமே அமைந்துவிடும்.

பொலிவியா 2014-இல் எதிர்த்திசையில் ஒரு சோதனை செய்து பார்த்தது. உழைக்கும் பிள்ளைகளே அமைத்த சங்கம் தெருவில் இறங்கிப் போராடியதன் பின்னணியில், தகுந்த அனுமதியோடு சொந்தமாகச் சிறு வணிகம் செய்ய விதிவிலக்காகப் பத்து வயதும், பிறரிடம் வேலை செய்யப் பன்னிரண்டு வயதும் போதும் என்று அந்நாட்டுச் சட்டம் கூறியது. அந்த இரண்டாண்டு இடைவெளிதான் என் கவனத்தை ஈர்த்தது. தெருவில் தனக்காக விற்கும் பத்து வயதுப் பிள்ளையைவிட, கடைக்குள் பிறருக்காக நிற்கும் பதினொரு வயதுப் பிள்ளை அதிக ஆபத்தில் இருக்கிறது என்ற முன்முடிவு அதற்குள் இருக்கிறது. அந்நாட்டு அரசமைப்புத் தீர்ப்பாயம் 2017-இல் அந்த விதிகளை நீக்கியது. 2018-இல் சட்டம் மீண்டும் பதினான்குக்குத் திரும்பியது.

வீட்டுக்குள் நடப்பது உதவி, வெளியே நடப்பதுதான் சுரண்டல் என்ற நம்பிக்கைக்கு எதிரான எண் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. உலகெங்கும் குழந்தைத் தொழிலாளர்களாகக் கணக்கிடப்பட்ட 16 கோடிப் பேரில் 72 விழுக்காட்டினர் வேலை செய்வது சொந்தக் குடும்பத்துக்குள்தான். அந்தக் கணக்கில் சிறுவர்களே சிறுமிகளைவிட அதிகம். ஆனால் வாரத்துக்கு 21 மணி நேரமோ அதற்கு மேலோ செய்யும் வீட்டு வேலையையும் சேர்த்துக்கொண்டால் அந்த இடைவெளி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. வாரத்துக்கு 21 மணி நேரம் என்றால் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்: தண்ணீர் பிடித்து, பாத்திரம் துலக்கி, தம்பியைத் தூங்கவைக்கும் ஒரு பெண் பிள்ளைக்குப் பள்ளி விட்டு வந்த பிறகு மிஞ்சும் மாலைப்பொழுது முழுவதும் அதிலேயே போய்விடும். அதை அளந்து பார்க்க எந்த நாட்டிலும் எந்தத் தொழிற்சாலை ஆய்வாளரும் கதவைத் தட்டுவதில்லை.