சேந்த் க்ருவாவுக்கு ஓர் இரவு நடை

செப்டம்பர் 8 என்றால் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கருக்கு வேளாங்கண்ணிதான். ஆகஸ்ட் 29 அன்று கொடி ஏறுவதற்கு முன்பிருந்தே காவி உடுத்தியவர்கள் சப்பரத்தை முன்னால் தள்ளிக்கொண்டு, 'மரியே வாழ்க' சொல்லியபடி சாலையோரமாகச் சாரிசாரியாகப் போவார்கள். தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்த எனக்கு அந்தக் கூட்டம் இல்லாத செப்டம்பரை நினைத்துப் பார்க்கவே முடியாது. பிழைப்புக்காக மொரீசியஸ் வந்த பிறகு தெரிந்தது, இந்தத் தீவும் அதே செப்டம்பர் 8 இரவில்தான் நடக்கிறது. ஊர் ஊராகக் கிளம்பி, விடிய விடிய நடந்து, தலைநகர் போர்ட் லூயிஸின் ஓரத்தில் இருக்கும் சேந்த் க்ருவா என்ற இடத்துக்குப் போய்ச் சேருகிறார்கள். அங்கே ஒரு பாதிரியாரின் கல்லறை இருக்கிறது. இங்கே எல்லோரும் அவரைப் 'பேர் லவால்' என்கிறார்கள். நாம் லவால் அடிகளார் என்று சொல்லலாம்.

ஜாக் தேசிரே லவால் பிரான்சின் நார்மண்டியில் 1803-ல் பிறந்தவர். முதலில் மருத்துவம் படித்து டாக்டராக இருந்தார். அதை விட்டுவிட்டு 1838-ல் குருப்பட்டம் பெற்றார். 1841 செப்டம்பர் 14 அன்று கப்பலில் போர்ட் லூயிஸ் வந்து இறங்கினார். அப்போது தீவு இருந்த நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். அடிமை முறை 1835-ல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் 1839 வரை அதே முதலாளியிடமே உழைக்க வைத்தார்கள். அதன் பிறகு விடுதலை என்று அனுப்பிவிட்டார்கள். நிலம் இல்லை, படிப்பு இல்லை, கோயிலில் உட்காரக்கூட மரியாதையான இடம் இல்லை. அந்த மக்களிடம்தான் இவர் போனார். அவர்கள் பேசிய கிரியோல் மொழியைக் கற்றுக்கொண்டு அதிலேயே ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். பகலெல்லாம் வேலை செய்தவர்கள் வருவதற்கு வசதியாக மாலையில் வகுப்பு வைத்தார். அவர்களிலேயே ஆண்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்து உபதேசியார்களாக ஆக்கினார். நான் இவரிடம் மனதைப் பறிகொடுத்தது இந்த இடத்தில்தான். நேற்றுவரை ஏலத்தில் விற்கப்பட்டவர்களை இன்று மற்றவர்களுக்குக் கற்பிக்கிறவர்களாக நிமிர்த்தி வைத்தாரே, அதைவிடப் பெரிய அற்புதம் எனக்கு வேண்டாம்.

1864 செப்டம்பர் 9 அன்று இறந்தார். போப் இரண்டாம் ஜான் பால் 1979 ஏப்ரல் 29 அன்று இவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் அளித்தார். அந்தப் போப் கொடுத்த முதல் பட்டங்களில் இதுவும் ஒன்று. சரியாக நினைவு நாளான 2019 செப்டம்பர் 9 அன்று போப் பிரான்சிஸ் இங்கே வந்து திருப்பலி நிறைவேற்றிவிட்டு, இந்தக் கல்லறையிலும் செபித்துவிட்டுப் போனார்.

சரி, நடைக்கு வருவோம்.

நான் குடியிருப்பது க்யூர்பிப் பக்கம். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 550 மீட்டர் உயரம். மொரீசியஸில் செப்டம்பர் என்பது குளிர்காலத்தின் வால். க்யூர்பிப்பில் மழை எப்போது தூறும் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கிருந்து சேந்த் க்ருவாவுக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். இறக்கம்தானே, சுலபம் என்று நினைக்கத் தோன்றும். பாதம் ஒவ்வோர் அடிக்கும் செருப்புக்குள் முன்னால் சறுக்கும், கட்டைவிரல் நகம் போய் இடிக்கும், கடைசி நாலு கிலோமீட்டரில் முட்டி பேசத் தொடங்கிவிடும். கணுக்காலை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி ஷூ கயிற்றைக் கட்டிக்கொள்வதும், வழியில் ஒருமுறை காலுறை மாற்றுவதும் அவசியம். கழுத்தில் ஓர் ஒளிரும் பட்டை இருந்தால் பின்னால் வரும் வண்டிக்காரருக்கு நாம் தெரிவோம்.

என்னை அழைத்துப் போனவர் பக்கத்து வீட்டு ஐயா. பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முருக பக்தர். தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருந்து பல வருடங்கள் காவடி எடுத்தவர். இந்த ஊர்த் தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறார்கள். இவரோ என்னைக் கண்டால் தமிழைத் தவிர வேறு பேச மாட்டார். அதுவும் பாடப்புத்தகத் தமிழ்.

"தம்பி, விரைந்து நடக்க வேண்டாம். இது ஓட்டப் பந்தயம் அன்று" என்றார் பீனிக்ஸ் என்ற ஊரைத் தாண்டும்போது.

"ஐயா, நீங்கள் எதற்காகப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். கேட்கலாமா கூடாதா என்ற தயக்கம் இருந்தது.

"வீட்டம்மாவுக்கு உடல்நலம் மிகவும் மோசமாக இருந்தது. முருகனிடமும் வேண்டினேன், லவால் பாதிரியாரிடமும் வேண்டினேன். இரண்டு பேருக்கும் கடன் இருக்கிறது, தம்பி. இரண்டையும் அடைத்துக்கொண்டு இருக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சாதாரணமாக நடந்தார். அவருக்கு அதில் எந்தச் சிக்கலும் இல்லை. இந்தத் தீவில் அது அபூர்வமும் இல்லை. அந்த இரவு சாலையில் கத்தோலிக்கரோடு இந்துக்களும் முஸ்லிம்களும் நடக்கிறார்கள். மகா சிவராத்திரிக்குக் காவடி தோளில் ஏற்றி கிராண்ட் பாசின் ஏரிக்கு நடக்கிற ஊர் இது. தைப்பூசத்துக்கும் நடப்பார்கள். ஒருவரின் நேர்த்திக்கடன் இன்னொருவருக்கு நன்றாகவே புரிகிறது. நேர்ந்துகொண்டவர் வெயிலிலும் குளிரிலும் காலால் கொடுத்துத் தீர்க்கிற கணக்கு அது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

காட்ர் போர்ன், ரோஸ் ஹில், போ பாசின் என்று ஊர்கள் வர வர ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். கிட்டாரோடு பாடிக்கொண்டு போகிற இளைஞர் கூட்டம், பிள்ளையைத் தோளில் தூக்கிய அப்பா, செபமாலை உருட்டிக்கொண்டே தனியாகப் போகிற வயதான அம்மா. ஓர் இளைஞன் இரண்டு செருப்பையும் வாரில் கோத்துப் பையில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தான். வீட்டு வாசலில் மேசை போட்டு ஒரு குடும்பம் தேநீரும் கத்தோ பிமாவும் கொடுத்தது. நம்மூர் பருப்பு வடையின் தம்பிதான் கத்தோ பிமா, பச்சை மிளகாய் கொஞ்சம் தாராளம். ரொட்டிக்கு நடுவே வைத்து நசுக்கி, காகிதத்தில் சுற்றிக் கையில் திணிக்கிறார்கள். காசு கொடுக்கப் போன என் கையை அந்த வீட்டுப் பாட்டி மெதுவாகத் தள்ளிவிட்டார். அவருடைய பங்கும் அந்த நடையில் இருக்கிறது என்றே எனக்குப் பட்டது.

கொரோமாண்டல் இறக்கத்தில் கீழே துறைமுகத்தின் விளக்குகள் தெரியத் தொடங்கின. காற்றில் குளிர் போய்க் கடலின் ஈரம் வந்தது. ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். அந்த இடத்தில் நடந்துகொண்டே யோசித்தேன். கரும்புத் தோட்டத்தில் நாளெல்லாம் உழைத்த மனிதர்கள், 180 வருடம் முன்னால், இருட்டிய பிறகு ஒரு பாதிரியார் பேசுவதைக் கேட்கக் கால்நடையாகத்தானே போயிருப்பார்கள்? முதலில் அவரிடம் நடந்தவர்கள் அவர்கள். நாம் அவர்களுக்குப் பின்னால் போகிறோம்.

நீண்ட தூரக் கிறிஸ்தவ நடைகளைப் பற்றி எனக்குப் பல நாள் ஆசை உண்டு. ஸ்பெயினில் புனித யாக்கோபின் கல்லறை இருக்கும் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குப் பிரான்சின் எல்லையில் இருந்து போகிற பாதை மட்டும் கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர். வழியெல்லாம் மஞ்சள் அம்புக்குறியும் சிப்பி அடையாளமும் இருக்கும். யாத்திரிகர் கையில் ஒரு கடவுச்சீட்டு மாதிரி அட்டை, தங்கும் இடங்களில் எல்லாம் அதில் முத்திரை. கடைசி 100 கிலோமீட்டராவது நடந்தால்தான் சான்றிதழ். 2023-ல் மட்டும் நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அப்படிச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். இன்னொன்று இங்கிலாந்தின் கான்டர்பரியில் இருந்து ரோமுக்குப் போகிற பாதை. 990-ஆம் ஆண்டு வாக்கில் சிகெரிக் என்ற பேராயர் ரோமில் இருந்து ஊர் திரும்பியபோது தங்கிய இடங்களைக் குறித்து வைத்தார். இன்றைக்கும் அந்தக் குறிப்பை வைத்துத்தான் நடக்கிறார்கள். இரண்டும் மகத்தான பாதைகள். காலும் காசும் அனுமதித்தால் ஒருநாள் போக வேண்டும்.

ஆனாலும் சேந்த் க்ருவா நடையை இவற்றுக்குக் கீழே வைக்க நான் ஒப்பமாட்டேன். சந்தியாகோவுக்குப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறை போகிறார்கள், வேலைக்கு நீண்ட விடுப்பு எடுத்து, விமானம் ஏறிப் போகிறார்கள். இங்கே மறுநாள் காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவர் நடக்கிறார். போன வருடம் யாரோடு நடந்தாரோ அவரோடுதான் இந்த வருடமும். நடுவில் ஒருவர் இறந்திருந்தால் அவர் வேண்டுதலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். வருடாவருடம் ஒரே சாலையில் ஒரே மனிதர்களோடு வயதாகிறது பாருங்கள், அது ஒருமுறை போய்வருகிற பாதையில் கிடைக்காது. வேளாங்கண்ணிக்கு எங்கள் தெருவில் இருந்து நடந்தவர்களும் அப்படித்தான்.

போர்ட் லூயிஸுக்குள் நுழைந்தபோது நடுநிசி தாண்டியிருந்தது. வலது பக்கம் மலைகள், இடது பக்கம் துறைமுகம். ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களைக் கொண்டுவந்து இறக்கிய ஆப்ரவாசி காட் அங்கேதான் இருக்கிறது. ஐயா அந்தப் பக்கம் திரும்பி ஒரு கணம் கைகூப்பினார். அவருடைய முன்னோர் அந்தப் படியில் ஏறியவர்கள்.

சேந்த் க்ருவாவில் கூட்டம் நெரிந்தது. பழைய கோயில் 1960-ல் அடித்த கரோல் புயலில் அழிந்துவிட்டதால், இப்போது இருப்பது அதன் பிறகு கட்டிய கோயில். வெளியே திறந்தவெளியில் திருப்பலி நடந்துகொண்டிருந்தது. ஒன்று முடிந்தால் அடுத்தது, விடியும்வரை. ஆனால் எல்லாக் கால்களும் முதலில் போவது கல்லறைக்குத்தான். கல்லறையின் மேல் அடிகளார் படுத்திருப்பது போல உருவச்சிலை இருக்கிறது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் கைக்குட்டையால் சிலையின் பாதத்தைத் துடைத்தார். அதே கைக்குட்டையைத் தன் மகனின் நெற்றியில் ஒற்றினார், பிறகு இரண்டு முழங்காலிலும். பையனுக்கு ஏழெட்டு வயதிருக்கும், காலில் இரும்புச் சட்டம் போட்டிருந்தான். அவன் பொறுமையாக நின்றான். அடுத்து ஐயா போனார். தலையைக் குனிந்து சிலையின் கைமேல் தன் கையை வைத்து, உதடு அசையாமல் நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார், நம் கோயிலில் செய்வதைப் போலவே. பின்னால் நின்ற யாரும் அவசரப்படுத்தவில்லை.

என் முறை வந்தபோது வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வேண்டுதல்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அம்மாவின் பெயரை மட்டும் சொன்னேன். அது போதும் என்று இருந்தது. வெளியே வந்து மெழுகுதிரி ஏற்றி, திருப்பலியில் நின்று, நற்கருணை வாங்கினேன். ஐயா பின்னால் ஒரு மதில்மேல் உட்கார்ந்து காத்திருந்தார்.

விடிந்ததும் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனது கைலாசம் கோயிலுக்கு. சேந்த் க்ருவாவை ஒட்டி நிகோலே சாலையில் இருக்கிற சொக்கலிங்க மீனாட்சி அம்மன் கோயில் அது. லவால் அடிகளாரின் கல்லறையில் இருந்து கொஞ்ச தூரம்தான். கோபுரத்தில் வெயில் படும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அவர் உள்ளே போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். நான் வாசலில் ஷூவைக் கழற்றிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கட்டைவிரல் நகம் கன்றிப்போயிருந்தது.

"அடுத்த ஆண்டு மாஹேபூரில் இருந்து ஒரு குழு வருகிறது, தம்பி. தென்கிழக்குக் கரையில் இருந்து, நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அவர்களோடு சேர்ந்துகொள்ளலாமா?"

"நீங்கள் வந்தால் வருகிறேன் ஐயா" என்றேன். "அப்படியானால் மே மாதத்தில் இருந்தே ஞாயிறுதோறும் நடக்கப் பழக வேண்டும்" என்று சொல்லிவிட்டு, க்யூர்பிப் பஸ்ஸைப் பிடிக்க முன்னால் நடந்தார்.