ஜக்கானியில் ஒரு வாரம்

டிசம்பர் 25, 2024, புதன்

ஜம்முவில் லாரியிலிருந்து தேங்காய் இறக்கி முடிக்க மதியம் ஆகிவிட்டது. அடுத்த லோடு ஆப்பிள். புல்வாமா மாவட்டம் லஸ்ஸிபோராவில் குளிர்பதனக் கிடங்கில் ஏற்றி, கோயம்பேட்டில் இறக்க வேண்டும். "பார்த்துப் போப்பா, ஒரு நாள் முன்னப்பின்ன ஆனாலும் பரவாயில்லை" என்று முதலாளி சொல்லிவிட்டார். இங்குள்ள புரோக்கர்தான் அரை மணிக்கு ஒருதரம் கூப்பிட்டு, 27-ஆம் தேதி ராத்திரிக்குள் மேலே ஏறிவிடு, ஏறிவிடு என்கிறார்.

இருட்டும் நேரத்தில் உதம்பூர் வந்து ஜக்கானியில் வண்டியை ஓரம்கட்டினோம். மலைக்கு அடிவாரம் இது. ரோடு சரியில்லாத நாட்களில் காஷ்மீருக்குப் போகிற பெரிய வண்டிகளை இங்கே நிறுத்தி வைப்பார்கள். நம் நாமக்கல் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிற அதே 44-ஆம் நம்பர் ரோடுதான். அதன் மேல்கோடிக்குப் பக்கத்தில் வந்து படுத்திருக்கிறோம்.

கிளீனர் பையனுக்கு வடக்கே இதுதான் முதல் நடை. "பனி எங்கண்ணா, பனி எங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டே வருகிறான். இங்கே பனி இல்லை. பகலில் நல்ல வெயில், ஆட்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்கிறார்கள். இந்த வெயில்தான் எனக்குப் பயம். உதம்பூர் உயரம் 750 மீட்டர் சுமார், நம் கொல்லிமலை உயரம்கூட இல்லை. இங்கே வானத்தைப் பார்த்து மேலே எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டால் கணக்குத் தப்பும்.

டிசம்பர் 26, வியாழன்

காலையில் வண்டி வேலை. முதலில் ஏர் டேங்கில் தண்ணீர் வடித்தோம். பையனைக் கீழே படுக்கச் சொல்லி டேங்குக்கு அடியில் இருக்கும் வடிகால் வால்வை இழுக்க வைத்தேன். புஸ்ஸென்று காற்றோடு எண்ணெய் கலந்த பழுப்புத் தண்ணீர் அரை டம்ளர் வந்தது. ஊரில் வாரக்கணக்கில் விட்டாலும் ஒன்றும் ஆகாது. இங்கே அந்த அரை டம்ளர் பிரேக் குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொண்டால், இறக்கத்தில் பெடலை மிதிக்கும்போதுதான் தெரியும். கை விரலில் அந்தத் தண்ணீரைத் தொட்டுக் காட்டி, தினமும் காலையும் ராத்திரியும் இது உன் வேலை என்று சொல்லியிருக்கிறேன்.

கடைத்தெருவில் டயருக்குப் போடும் சங்கிலி ஒரு ஜோடி வாங்கினோம். அப்புறம் இரண்டு சாக்கு மணல், ஒரு மண்வெட்டி, கம்பளிக் கையுறை, பேரீச்சம்பழம், பிஸ்கட், பத்து லிட்டர் தண்ணீர். டீசல் முழு டேங்க்.

டிசம்பர் 27, வெள்ளி

இன்று நடந்ததை விவரமாக எழுதி வைக்கிறேன். அடுத்த வருடம் யாராவது நம் ஊர் டிரைவர் இதே இடத்தில் நின்றால் உதவட்டும்.

காலையில் ரோடு திறந்துதான் இருந்தது. பஞ்சாப், ஹரியானா வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. புரோக்கர் ஆறு தடவை கூப்பிட்டார். தாபா டிவியில் நேற்றிரவு மன்மோகன் சிங் காலமான செய்தியே ஓடிக்கொண்டிருந்தது, வானிலை பற்றி ஒரு வார்த்தை இல்லை. போனில் பார்த்தேன். இன்றும் நாளையும் காஷ்மீரில் பனிப்பொழிவு என்று வானிலை ஆய்வு மையம் சொல்லியிருந்தது. குளிர்காலத்தில் மத்தியதரைக்கடல் பக்கமிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி ஈரக்காற்று அலை அலையாக வரும். அது இமயமலையில் மோதினால் மேலே பனி, கீழே மழை. நமக்கு வடகிழக்குப் பருவக்காற்று எப்படியோ, அப்படி இவர்களுக்கு இது. டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாளைச் சில்லா-இ-கலான் என்கிறார்கள், கடும் குளிர்க்காலம். இந்த வருடம் அதன் முதல் நாள் ராத்திரியே ஸ்ரீநகரில் மைனஸ் 8.5 டிகிரி. ஐம்பது வருடத்தில் டிசம்பரில் அவ்வளவு குளிர் இல்லையாம்.

நான் போட்ட கணக்கு இதுதான். பத்து மணிக்குக் கிளம்பினால் செனானி நாஷ்ரி சுரங்கம் ஒன்பது கிலோமீட்டர், அது பிரச்சினை இல்லை. அதைத் தாண்டி இறங்கினால் ராம்பன், செனாப் ஆற்றங்கரை. அங்கிருந்து பனிஹால் வரை ஒருபக்கம் பள்ளம், மறுபக்கம் உதிரி மலை. லேசாக மழை பெய்தாலும் கல் உருளும், மழை விட்டு வெயில் அடித்தாலும் உருளும். நெரிசலோடு பனிஹால் போய்ச் சேரச் சாயங்காலம். அதற்கப்புறம் எட்டரை கிலோமீட்டர் நீளத்தில் புதுச் சுரங்கம், 2021-இல் திறந்தது. வெளியே வந்தால் காசிகுண்ட். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் வேறு நாடு மாதிரி இருக்கும். இந்த வாயில் வெறும் தூறல் இருக்க, அந்த வாயில் கண் தெரியாமல் பனி கொட்டும். உள்ளே நுழைந்த லாரி திரும்ப முடியாது. பின்னால் நூறு வண்டி நிற்கும்.

அதுவும் என் வண்டி காலி. பனியில் காலி வண்டிதான் ஆபத்து. பின்சக்கரத்தில் கனம் இல்லை, பிடிமானம் இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகையை அடைத்து என்ஜினாலேயே வேகம் குறைப்பது) தொட்டாலே பின்பக்கம் தனியாக ஒதுங்கும். லோடு இருந்தாலாவது ஒரு கை பார்க்கலாம்.

போகவில்லை. புரோக்கர் கத்தினார், லோடு வேறு வண்டிக்குப் போய்விடும் என்றார். போகட்டும் என்றேன். பையன் முகம் தொங்கிப் போயிற்று. பக்கத்து வண்டிக்காரர் கிளம்பும்போது அவன் பார்த்த பார்வை எனக்கு என்னவோ போல் இருந்தது.

சாயங்காலம் நான்கு மணிக்கு இங்கேயும் மேகம் கவிந்தது. ஏழு மணிக்குச் சில்லென்று மழை.

டிசம்பர் 28, சனி

ரோடு அடைப்பு. சுரங்கத்துக்கும் காசிகுண்டுக்கும் நடுவில் இரண்டாயிரம் வண்டிகள் மாட்டிக்கொண்டு நிற்கின்றன என்று முதலமைச்சரே பதிவு போட்டிருக்கிறார். ஸ்ரீநகரில் விமானமும் இல்லை. நேற்றுக் காலை கிளம்பிய பஞ்சாப் வண்டிக்காரரின் நம்பர் என்னிடம் இருந்தது, போன் போகவில்லை. மதியம் அவரே கூப்பிட்டார். ராத்திரி முழுக்க கேபினில் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். காலையில் உள்ளூர்க்காரர்கள் டீயும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்களாம். சோனாமார்க் பக்கம் குண்ட் என்ற ஊரில் மசூதியைத் திறந்து பஞ்சாப் சுற்றுலாக்காரர்களைப் படுக்க வைத்த வீடியோவும் வந்தது. பார்த்துக் கண் கலங்கிவிட்டது.

மழை விட்ட பிறகு இங்கேயும் குளிர் ஏறிவிட்டது. ராத்திரி பதினொரு மணி இருக்கும், ரோட்டோரம் ஒரு நடை போய்விட்டு வந்து கேபின் கதவைத் திறந்தேன். உள்ளே கதகதவென்று இருந்தது. பெயிண்ட் டப்பாவில் தாபா கரியைக் கங்காக்கிக் காலடியில் வைத்து, கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுப் பையன் படுத்திருக்கிறான். புகை இல்லை, வாசமும் பெரிதாக இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன், "உம்" என்றான், எழவில்லை. அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்து ரோட்டோரம் உட்கார வைத்தேன். தலை நிற்கவில்லை. அப்புறம் வாந்தி எடுத்தான். "தலை வலிக்குதுண்ணா" என்று அழுதான். பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் கார் பிடித்து வந்தார். ஆஸ்பத்திரியில் மாஸ்க் போட்டு ஆக்சிஜன் கொடுத்தார்கள். கார்பன் மோனாக்சைடு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இன்னும் அரை மணி நான் நடந்திருந்தால், அவன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

டிசம்பர் 29, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். பையன் தேறிவிட்டான், சோர்வுதான். அவனைத் திட்டவில்லை. தப்பு என்னுடையது. ஏர் டேங்கைச் சொல்லிக் கொடுத்தவன் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். மூடிய கேபினில் கரி கூடாது, கேஸ் ஸ்டவ் கூடாது. ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது. பனி குவிந்து சைலன்சர் வாயை மூடினால் புகை கேபினுக்குள்தான் ஏறும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானில் மரி மலையில் பனியில் நின்ற கார்களுக்குள்ளேயே இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். குளிரும் இந்த வாயுவும் சேர்ந்து எடுத்த உயிர்கள். மாட்டிக்கொண்டால் சைலன்சர் வாயைத் தோண்டி விட்டு, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் என்ஜினை ஓட்ட வேண்டும். ஆள் மாற்றி ஆள் விழித்திருக்க வேண்டும்.

அவன் அம்மாவிடம் நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "உங்களை நம்பித்தானுங்க அனுப்பிச்சேன்" என்றார்.

டிசம்பர் 30, திங்கள்

இன்று அனுமன் ஜெயந்தி. ஊரில் ஆஞ்சநேயருக்கு ஒரு லட்சத்து எட்டு வடையில் மாலை சாத்தியிருப்பார்கள். மனைவி கூட்டத்தில் நின்று வீடியோ காலில் காட்டினாள், வடைமாலைக்கு நடுவே முகம் மட்டும் தெரிந்தது. பதினெட்டடி உயரத்துக்குக் கூரையில்லாமல் நிற்கிறார், மழையோ வெயிலோ அப்படியே. பையன் போனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மதியத்திலிருந்து மேலேயிருந்து வண்டிகள் இறங்குகின்றன. ஒரு ஆப்பிள் வண்டித் தார்பாயில் ஓரடிப் பனி அப்படியே உட்கார்ந்திருந்தது. டிரைவர் தள்ளிவிட, வெயிலில் தார் ரோட்டில் விழுந்து உடைந்தது. பையன் ஓடிப்போய்க் கையில் அள்ளினான். இதைத்தான் இவ்வளவு நாளாகத் தேடினான். ஊரில் புல்மேல் நிற்பதும் பனி, ரோட்டை மறைப்பதும் பனி, இதுவும் பனி. ஒரே பெயர் வைத்துவிட்டோம்.

இறங்கி வந்தவர்களிடம் ஒவ்வொருவராக விசாரித்தேன். புதுப்பனி பரவாயில்லை, மண் மாதிரி மிதிபடும் என்கிறார்கள். பகலில் உருகி ராத்திரி இறுகுகிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். ரோடு ஈரமாக இருக்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் கண்ணாடி. பாலத்தின் மேலும் வெயில் படாத வளைவிலும் அது பத்து மணி வரை இருக்குமாம். அதனால் விடியலில் காசிகுண்டு போய்ச் சேருகிற மாதிரி கிளம்பாதே, நண்பகலில் சேருகிற மாதிரி கிளம்பு என்றார் ஒரு பெரியவர். இறக்கத்தில் இரண்டாவது கியர், பிரேக்கை மிதிக்காமல் தொட்டுத் தொட்டு விட வேண்டும், முன் வண்டிக்குப் பத்து வண்டி இடைவெளி.

சாயங்காலம் சங்கிலி மாட்டிப் பழகினோம். தரையில் விரித்து, முறுக்கு இல்லாமல் பார்த்து, வண்டியை அரை அடி பின்னால் ஏற்றி, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்ட வேண்டும். முதல் தடவை நாற்பது நிமிடம், மூன்றாவது தடவை பதினைந்து. கையுறையோடு மாட்டச் சொன்னேன், மேலே வெறும் கையில் இரும்பைத் தொட முடியாது.

டிசம்பர் 31, செவ்வாய்

வண்டிகளை மேலே விட்டார்கள். ராம்பன் தாண்டி இரண்டு இடத்தில் ஜேசிபி கல்லை ஒதுக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, மலைப்பக்கம் காதைக் கொடுத்து ஓட்டினேன். கல் விழும் முன் சரளை உதிரும் சத்தம் கேட்கும். பையன் கழுத்தை வெளியே நீட்டி மேலேயே பார்த்துக்கொண்டு வந்தான்.

பன்னிரண்டரைக்குப் பனிஹால் சுரங்கம். நுழையும்போது தார் ரோடு. எட்டரை கிலோமீட்டர் மஞ்சள் விளக்கு. வெளியே வந்ததும் கண் கூசியது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனியை ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஒரு வேன் பள்ளத்தில் சாய்ந்து பாதி புதைந்து கிடந்தது. ஆள் இல்லை. ஓரமாக இடம் பார்த்து நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, சங்கிலியோடு இறங்கினோம். பதினேழு நிமிடம். கடைசிக் கொக்கியைப் பையன் மாட்டி, இழுத்துப் பார்த்து, இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தான்.

"போலாங்ணா" என்றான். முப்பதைத் தாண்டாமல் உருட்டிக்கொண்டு போனேன்.