தானுகந்த முகம், தமருகந்த முகம்

24 டிசம்பர் 2024, செவ்வாய்

திரைப்பட இயக்குநர் ஷியாம் பெனகல் நேற்று காலமானார். தொண்ணூறு வயது நிறைந்து பத்து நாட்கள்கூட ஆகவில்லை. நான் படித்த இரங்கல் குறிப்புகளில் பெரும்பாலானவை அவருடைய திரைப்படங்களைப் பற்றியே பேசின. எனக்கோ 1988ஆம் ஆண்டின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளும், தூர்தர்ஷனுக்காக 53 பகுதிகளாக அவர் எடுத்த 'பாரத் ஏக் கோஜ்' தொடரும்தான் முதலில் நினைவுக்கு வந்தன. அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் 1944இல் நேரு எழுதிய இந்திய வரலாற்று நூலைத் தழுவிய தொடர் அது.

அப்போது நாங்கள் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். தொலைக்காட்சிப் பெட்டி பக்கத்து வீட்டில்தான் இருந்தது. அந்த வீட்டு மாமா பல ஆண்டுகள் நாக்பூரில் வேலை பார்த்துவிட்டு மாற்றலாகி வந்தவர். இந்தி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அவர் ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். அரசன் பேசினால் குரலைத் தாழ்த்துவார், அமைச்சன் பேசினால் சற்றே மூக்கால் பேசுவார். எனக்கு அசோகர் பேசிய மொழி இந்தியும் அல்ல, பிராகிருதமும் அல்ல, அந்த மாமாவின் திருச்சித் தமிழ்தான்.

இன்றிரவு முதல் பகுதியை மீண்டும் போட்டுப் பார்த்தேன். படைப்புக்கு முன் இருப்பதும் இல்லை, இல்லாததும் இல்லை என்று தொடங்கும் ரிக்வேதப் பாடலை வன்ராஜ் பாட்டியாவின் இசையில் கேட்டதும், மாமா வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி காலில் ஏறியது.

26 டிசம்பர், வியாழன்

அசோகராக வருபவர் ஓம் புரி. சில வாரங்கள் கழித்து அலாவுதீன் கில்ஜியாகவும் அவரே வந்தார், ஔரங்கசீப்பாகவும் அவரே வந்தார். அதற்கு முன் மகாபாரதப் பகுதியில் துரியோதனனும் அவரே. இடையிடையே கதை சொல்லும் குரலும் அவருடையதுதான். ஒப்பனை எதனாலும் மறைக்க முடியாத அம்மைத் தழும்புகள் நிறைந்த அந்த முகம் மறுபடியும் மறுபடியும் வந்தபோது, எட்டு வயதில் எனக்குப் பெரிய குழப்பமாகிவிட்டது. அசோகர்தான் மனம் மாறி முசல்மான் ஆனாரா என்று மாமாவிடம் கேட்டேன். "ஆளு ஒண்ணுதாண்டா, ராஜாதான் வேற" என்றார். இப்போது யோசித்தால், சரித்திரத் தொடர்களைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பெனகலுக்கு இது சிக்கன வழியாக இருந்திருக்கலாம். ஐயாயிரம் ஆண்டுகளை ஒரு கையளவு நடிகர்களை வைத்துக்கொண்டு சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தச் சிக்கனம் பார்வையாளனுக்கு ஒரு நன்மையைச் செய்தது. நேற்று துரியோதனனாக இருந்தவர் இன்று அசோகராக வந்து நிற்கும்போது, இது நடிப்பு என்ற உணர்வு ஒரு கணமும் நம்மை விட்டு அகலுவதில்லை. தெருக்கூத்தில் நம் ஊர்க்காரரே கர்ணனாக வந்தாலும், கர்ணனுக்காக அழுதுகொண்டே அவர் நம் ஊர்க்காரர் என்பதையும் மறக்காமல் இருக்கிறோம் அல்லவா, அதைப் போல.

28 டிசம்பர், சனி

அசோகரின் முகம் எப்படி இருந்தது என்பது 1988இல் யாருக்கும் தெரியாது. அவருடைய பேச்சு மட்டும் கல்லில் இருந்தது: கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை லட்சம் பேர் நாடு பெயர்க்கப்பட்டனர், அதற்காக வருந்துகிறேன் என்று பதின்மூன்றாம் பாறைக் கட்டளை சொல்கிறது. (சோழர், பாண்டியர் பெயர்கள் இதே கட்டளையிலும் வருகின்றன.) இதில் நடிகனுக்கு வேண்டிய ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. கலிங்க நாட்டிலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் வெட்டிய கட்டளைகளில் இந்த வருத்தம் விடப்பட்டிருக்கிறது. அங்கே வேறு கட்டளைகளை வைத்தார்கள். தோற்றவனின் முகத்துக்கு நேரே மன்னிப்பைச் சொல்லாமல், மற்ற ஊர்களிலெல்லாம் சொன்ன ஓர் அரசன் அவர். போர்க்களத்தில் பிணங்களுக்கு நடுவே கண்ணீர் விடும் அசோகரை எல்லாரும் எடுத்துவிட்டார்கள். எந்தப் பாறையில் எதை வெட்டலாம், எதை வெட்ட வேண்டாம் என்று அமைச்சர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யும் அசோகரை யாராவது எடுத்தால் நான் முதல் வரிசையில் போய் உட்காருவேன்.

பிறகு 1990களில், கர்நாடகத்தில் சன்னதிக்கு அருகே கனகனஹள்ளியில் தொல்லியல் துறையினர் தோண்டிய பௌத்த ஸ்தூபத்தில் ஒரு புடைப்புச் சிற்பம் கிடைத்தது. அரசனும் அரசியும் நிற்கிறார்கள். பணிப்பெண்கள் குடையும் சாமரமும் பிடித்திருக்கிறார்கள். மேலே பிராமி எழுத்தில் 'ராயோ அசோகோ' என்று பெயர் வெட்டியிருக்கிறது. அதைச் செதுக்கிய தச்சனும் அசோகரைப் பார்த்தவன் அல்லன். அவர் இறந்து நூற்றாண்டுகள் கழிந்த பிறகு, அரசன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று தனக்குத் தெரிந்த முகத்தை வைத்தான். அந்த வேலையும் ஓம் புரியின் வேலையும் ஒரே வேலைதான். ஆனாலும் அந்தச் சிற்பத்தின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது என் மனம் ஏற்க மறுத்தது. அம்மைத் தழும்பு எங்கே என்று தேடியது.

31 டிசம்பர், செவ்வாய்

சோழர் பகுதிகளைப் பார்த்தேன். சோழ அரசன் இந்தி பேசுவதைக் கேட்கும்போது காது கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் இதற்குக் கோபப்பட்டால் மௌரியன் தமிழ் பேசும் மொழிமாற்றுத் தொடர்களுக்கும் கோபப்பட வேண்டும். ராஜராஜனின் முகத்துக்கு என்ன சான்று? தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்நடையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி வெளிப்படுத்திய சோழர் ஓவியங்களில், தாடி வைத்த முதியவரையும் அவர் பின்னால் நிற்கும் இளையவரையும் குரு கருவூர்த் தேவரும் ராஜராஜனும் என்று சொல்லி வருகிறோம். அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. அந்த இளையவரின் முகத்தில் கம்பீரத்தைவிடக் கவனம்தான் தெரிகிறது. நம் திரைகளில் வந்த எந்த ராஜராஜனும் அவ்வளவு அமைதியாக யார் பின்னாலும் நின்றதில்லை.

3 ஜனவரி 2025, வெள்ளி

இன்று திப்பு. பெனகலின் தொடரில் திப்புவாக நடித்தவர் சலீம் கௌஸ். அதே தொடரில் ராமரும் கிருஷ்ணரும் அவரே. சென்னையில் பிறந்தவர். அடுத்த ஆண்டே 'வெற்றி விழா'வில் ஜிந்தாவாக வந்து தமிழ்நாட்டையே மிரட்டினார். பொன்மலையில் எங்களுக்கு அது பெரிய பிரச்சினையாயிற்று. ராமராக வந்தவர் கமல்ஹாசனை அடிக்கலாமா என்று மாமா வீட்டு வாசலில் விவாதம் நடந்தது.

1990இல் சஞ்சய் கானின் திப்பு வந்தார். அந்தத் தொடரின் படப்பிடிப்பில்தான் 1989 பிப்ரவரி 8 அன்று மைசூர் பிரீமியர் ஸ்டூடியோவில் தீப்பிடித்தது. சுவர்களில் சாக்கு அடித்திருந்தார்கள், காற்றோட்டத்துக்கு வழியில்லை. அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். கடுமையான தீக்காயங்களோடு பிழைத்த சஞ்சய் கான் பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின் திரும்பி வந்து அந்த வேடத்தை நடித்து முடித்தார். அந்தத் தொடரைப் பற்றி எதைப் பேசினாலும் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பேர் தெரிந்த நடிகர் பிழைத்தார். பின்னால் ஈட்டி பிடித்து நின்றவர்களும் விளக்குத் தூக்கியவர்களுமே அதிகம் போனார்கள்.

தொடர் ஒளிபரப்பாவதற்கு எதிர்ப்பு எழுந்து வழக்கு நடந்தது. முடிவில், இது திப்புவின் வாழ்க்கை வரலாறு அன்று, பகவான் கித்வானியின் நாவலின் நாடக வடிவமே என்று திரையில் அறிவிப்புக் காட்ட வேண்டியதாயிற்று. அறிவிப்பு ஓடி முடிந்ததும் குதிரை, வாள், பின்னணி இசை, நல்ல உயரமும் எடுப்பான தோளுமாகச் சஞ்சய் கான். எவனுக்கு அந்த அறிவிப்பு நினைவிருக்கும்? ஓம் புரியின் முகம் நான்காவது தடவை திரையில் வந்தபோது செய்த வேலையை அந்த எழுத்துகளால் செய்ய முடியவில்லை.

திப்புவின் தோற்றத்துக்கோ நேரில் பார்த்தவர்களின் குறிப்பே இருக்கிறது. 1799 மே 4 இரவு, சீரங்கப்பட்டணத்துக் கோட்டை வாயிலில் பிணக்குவியலுக்கு அடியிலிருந்து அவர் உடலை எடுத்த ஆங்கிலேயரில் மேஜர் ஆலன் எழுதி வைத்தது: உயரம் சுமார் ஐந்து அடி எட்டு அங்குலம், குட்டையான கழுத்து, சதுரத் தோள்கள், சற்றே பருத்த உடல், கைகளும் பாதங்களும் சிறியவை, பெரிய கண்கள், வளைந்த சிறு புருவங்கள், மாநிறம். எதிரி எழுதியதுதான். ஆனாலும் அந்தச் சிறிய கைகளை எந்தக் கற்பனைக்காரனும் எழுதியிருக்க மாட்டான். இரண்டு திப்புக்களையும் மனத்தில் நிறுத்திப் பார்த்தேன். இருவர் கைகளும் சிறியவையாக இல்லை.

10 ஜனவரி, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்துப் பக்கமே போக முடியாத கூட்டம். வீட்டிலேயே இருந்து, 2015இல் கலைஞர் தொலைக்காட்சியில் வந்த 'ராமானுஜர்' தொடரின் சில பகுதிகளைப் பார்த்தேன். கதை வசனம் மு. கருணாநிதி. தொண்ணூறு வயதைத் தாண்டிய நாத்திகர் ஒருவர், ஆசாரியர் ஒருவரின் வாழ்க்கைக்கு வசனம் எழுதினார் என்பதே அந்தத் தொடரின் மிகப் பெரிய காட்சி; திரையில் வந்தவை அதற்கு அடுத்தபடிதான். திருக்குலத்தார் (ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ராமானுஜர் இட்ட பெயர்) வரும் இடங்களில் வசனம் சட்டென்று உயிர்பெறுவதையும், தத்துவம் பேச வேண்டிய இடங்களில் வேகவேகமாகக் கடப்பதையும் பார்த்தால், எழுதியவருக்கு எந்த ராமானுஜர் வேண்டியிருந்தார் என்பது விளங்கிவிடும்.

16 ஜனவரி, வியாழன்

கூட்டம் குறைந்திருக்கும் என்று ஸ்ரீரங்கத்தில் உடையவர், அதாவது ராமானுஜர், சந்நிதிக்குப் போனேன். குறையவில்லை, ஆனாலும் சேவித்தேன். ராமானுஜருக்கு மூன்று திருமேனிகளை வைணவ மரபு சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது தானுகந்த திருமேனி: அவர் உயிரோடு இருக்கும்போதே செய்து, அவரே தழுவி ஏற்றுக்கொண்டது. மேல்கோட்டையில் இருப்பது தமருகந்த திருமேனி: பிரிவைத் தாங்காத அடியார்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது. ஸ்ரீரங்கத்தில் இருப்பது தானான திருமேனி: அது உருவமே அன்று, அவர்தான் என்பது இங்குள்ள நம்பிக்கை. பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாற்றிச் சாற்றிச் செங்காவி படர்ந்த அந்த மேனியின் முன் நிற்கும்போது, பின்னால் தள்ளுகிறவர்களையும் மீறி, அமர்ந்திருப்பவரின் விழிகளில்தான் பார்வை போய் நிற்கிறது.

இறந்தவரின் சாயலைப் பற்றி இவ்வளவு துல்லியமான மூன்று சொற்கள் நம்மிடம் இருக்கும்போது, தொலைக்காட்சி நடிப்பைப் பற்றி 'அப்படியே வாழ்ந்திருக்கிறார்' என்று ஏன் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று திரும்பும் வழியில் தோன்றியது. தானான திருமேனி எந்த நடிகராலும் ஆகாது. தானுகந்ததற்கும் வழியில்லை, சரித்திர மனிதர் வந்து பார்த்து ஒப்புதல் தரப் போவதில்லை. எல்லா நடிப்பும் தமருகந்ததுதான். ஆகவே கேட்க வேண்டியது, அந்தத் 'தமர்' யார், அவர்களுக்கு எந்த முகம் வேண்டியிருந்தது என்பதைத்தான். எதிர்ப்பாளர்களும் ஆதரவாளர்களும் திப்புவுக்காக நீதிமன்றம் வரை போனது இதற்காகத்தானே.

26 ஜனவரி, ஞாயிறு

அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள்; பதினொன்றாம் வகுப்பு. குடியரசு நாள் அணிவகுப்பு முடிந்ததும் 'சம்விதான்' தொடரைப் போட்டேன். அரசியல் நிர்ணய சபையைப் பற்றி 2014இல் மாநிலங்களவைத் தொலைக்காட்சிக்காகப் பெனகல் எடுத்தது, பத்தே பகுதிகள். அம்பேத்கராக வருபவர் சச்சின் கெடேகர். திரையில் வந்த மாத்திரத்தில் அவள், "சித்தப்பா, இவரு 'தெய்வத்திருமகள்'ல அமலா பாலோட அப்பா!" என்றாள். நான் எட்டு வயதில் பட்ட பாட்டை அவள் பதினாறில் படுகிறாள்.

சற்று நேரத்தில் அந்த அப்பா மறைந்துவிட்டார். கெடேகர் குரலை உயர்த்துவதே இல்லை. எதிர்வாதத்தைக் கேட்கும்போது கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்க்கிறார், மறுபடி தாளைப் பார்க்கிறார். நடிப்பதைவிட அதிகமாகப் படிக்கிறார். அது சரியென்றே பட்டது. 1946 டிசம்பரிலிருந்து 1949 நவம்பர் வரை அந்தச் சபையில் பேசியவை அனைத்தும் அச்சில் இருக்கின்றன. ஒருவருக்கு ஒரு வாக்கு என்று அரசியலில் சமமாகவும், சமூக, பொருளாதார வாழ்வில் சமமற்றவர்களாகவும் முரண்பாடுகள் நிறைந்த வாழ்க்கைக்குள் நுழையப்போகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அவர் எச்சரித்ததற்கு எந்த வசனகர்த்தாவும் தேவையில்லை. அவருடைய குரலே பிபிசி பேட்டிகளில் இருக்கிறது. அதையும் அவளுக்குக் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். இரண்டையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேருமே மெதுவாத்தான் பேசறாங்க" என்றாள்.

பிரிவினைக்குப் பின் 299 பேர் இருந்த சபை. பத்துப் பகுதிகளில் எல்லாருக்கும் முகம் கிடைக்காது. சென்னையிலிருந்து போன டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பர் 5 அன்று பேசியதை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் சமஸ்தான வேலைகளில் மூழ்கியிருந்தார், ஓரிருவர் டெல்லிக்கு வெளியே தொலைவில் இருந்தார்கள். கடைசியில் பாரம் முழுவதும் அம்பேத்கர் மீதே விழுந்தது என்று அவர் சபையில் எழுந்து சொன்னார். அலமாரியிலிருந்து விவாதத் தொகுதியை எடுத்து, பத்தியை மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டே உரக்கப் படித்தேன். பாதியில் அவள் சிரித்துவிட்டாள்.

"யாரு குரல்ல படிக்கிறீங்க சித்தப்பா?"

அப்போதுதான் எனக்கே கேட்டது. டி. டி. கே. எப்படிப் பேசுவார் என்று நான் கேட்டதே இல்லை. சபைத் தலைவரை விளிக்கும் இடத்தில் குரல் தாழ்ந்திருந்தது. உறுப்பினர் பேசும் இடத்தில் சற்றே மூக்கால் வந்துகொண்டிருந்தது.